பிசிறு

அரத்தைக் கீழே வைத்து, இரும்புக் கண்ணியின் காதோரத்தை ஆள்காட்டி விரலால் ஒரு சுற்று தடவிப் பார்த்துவிட்டு, முடிந்த தட்டில் போடப்போன சென்னியப்பன் போடாமல் நின்றார். தட்டில் கிடந்ததில் ஒன்று சிவந்திருந்தது. முழுக்க இல்லை, ஒரு ஓரம் மட்டும், குங்குமம் தொட்ட கையால் யாரோ எடுத்து வைத்த மாதிரி. அளவு குறிக்கிற மை நீலம். பெயிண்ட் டப்பா இந்தப் பட்டறைக்குள் வந்து எத்தனையோ காலமாயிற்று. வெற்றிலை போடுகிற ஆள் இங்கே கிடையாது. கையிலிருந்ததை மேஜையில் வைத்துவிட்டு அந்த ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தார். டிரில்லுக்கு ஊற்றுகிற சோப்பு ஆயிலின் பால்வெள்ளையில் சிவப்பு கரைந்து வெளிறி வழிந்தது. துரு இப்படிக் கரையாது. மூக்கருகே கொண்டுபோனார். இரும்பு வாசனை. இரும்பை மோந்தால் இரும்பு வாசனைதான் வரும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, ரத்தத்துக்கும் ஏறக்குறைய அதே வாசனைதான். ரத்தமாகத்தான் இருக்க வேண்டும். ரத்தமென்றால் ஒரு கை. கையென்றால் யாரோ தட்டுக்குள் கை விட்டிருக்கிறார்கள். அவர் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். தனபால் லேத்தின் மேல் குனிந்திருந்தான், முதுகு மட்டும் தெரிந்தது. முதுகு ரொம்ப அமைதியாக இருந்தது. தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொண்ட முதுகு அப்படித்தான் இருக்கும்.

தட்டுக்குள் கை விடுவதற்கு ஒரே காரணம்தான் உண்டு. பிசிறு இருக்கிறதா என்று பார்ப்பது. டிரில் இரும்பைத் துளைத்து வெளியே வரும்போது அடிப்பக்கத்து விளிம்பில் ஒரு மெல்லிய இரும்பு இதழை விட்டுவிட்டுப் போகும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். அதை அரத்தால் எடுத்துவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். கண்ணி ஒவ்வொன்றும் தீப்பெட்டியில் பாதி இருக்கும், இரண்டு முனையிலும் காதுகள், ஒன்றின் காதுகளுக்கு நடுவே அடுத்ததன் காது நுழைந்து குறுக்கே ஒரு கம்பி போகும். இப்படியே கோத்துக்கொண்டு போனால் டாங்கியின் சக்கரங்களைச் சுற்றி ஓடுகிற பட்டை வந்துவிடும். நிஜ டாங்கி இல்லை, பொம்மை. ஆனால் பொம்மை என்று சொன்னால் வரதன் சாருக்குக் கோபம் வரும், மாடல் என்று சொல்ல வேண்டும். மில்லில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர், ரேஸ்கோர்ஸ் பக்கம் வீடு, மொட்டை மாடி அறையில் ஒரு கன்றுக்குட்டி உயரத்துக்கு அந்த டாங்கியைக் கட்டி வைத்திருக்கிறார், கதவு திறக்கிறது, பீரங்கி வைத்த மேல்கொப்பரை சுற்றுகிறது, பட்டை மட்டும் இல்லாமல் செருப்பைத் தொலைத்த ஆள் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. ஒரு கண்ணியில் பிசிறு இருந்தால் அந்த இடத்தில் பட்டை முரண்டும், முரண்டினால் சக்கரத்திலிருந்து கழன்றுவிடும், கழன்றால் எந்தக் கண்ணி என்று தேடுவார்கள், தேடினால் எந்தக் கை என்று கேட்பார்கள். தேடத் தொடங்கிவிட்டார்கள் போலிருக்கிறது.

மனைவி தெய்வானையின் தம்பி இந்த தனபால். கல்யாணமான புதிதில் மாமா மாமா என்று பின்னாலேயே சுற்றியவன், லேத்தில் நிற்கக் கற்றுக்கொண்டதும் இங்கேதான். கற்றுக்கொடுத்தோம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை, அவனும் சொன்னதில்லை. பட்டறை இருவருக்கும் பொது. லேத்து அவனுக்கு, டிரில்லிங் மெஷின் இவருக்கு, யாரும் எழுதி வைக்கவில்லை, நின்று நின்று அப்படி ஆகிவிட்டது. ஆடி முடிந்ததும் ஒருநாள் டீ குடிக்கும்போது அவன் சொன்னான். "ஏனுங் மாமா, நீங்க எதுக்கு இன்னும் நின்னுட்டே கெடக்கோணும்? முன்னால சேரப் போட்டு உக்காருங். வர்ற பார்ட்டிகளப் பாத்துக்கங். டிரில்லிங்குக்கு ஒரு ஆளப் போட்டுக்கலாம்." "பார்ட்டிகள என்னத்தப் பாக்கறது, மூஞ்சியவா?" "மூஞ்சியப் பாத்துச் சிரிங். நம்ம பட்டறையில அதுக்குத்தான் ஆளில்ல." அவரும் சிரித்துவிட்டார். சிரித்தது தப்பு. சிரித்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பான். அடுத்த சந்தில் அங்கமுத்துவை அப்படித்தான் சேரில் உட்கார வைத்தார்கள், மேலே ஒரு ஃபேன்கூடப் போட்டுக் கொடுத்தார்கள். மழைக்காலம் முடிவதற்குள் அங்கமுத்து வழியில் போகிற லாரிகளிடம் பேச ஆரம்பித்துவிட்டார். மெஷினை விட்டு ஒருவனை இறக்க வேண்டுமென்றால் நேராக இறங்கு என்று யாரும் சொல்வதில்லை. சேர் போடுகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு காரணம் வேண்டும். காரணத்தைத் தட்டிலிருந்துதான் பொறுக்க வேண்டும்.

ஆனால் இதில் ஒன்று இடிக்கிறது. கையைக் கிழித்திருக்கிறது என்றால் பிசிறு இருந்திருக்கிறது. அவர் சிவப்பைத் துடைத்துவிட்டு அந்தக் கண்ணியின் காதோரத்தை விரலால் தடவினார். வழவழவென்று இருந்தது. இன்னொரு சுற்று. ஒன்றுமில்லை, வெண்ணெய் மாதிரி. ரத்தம் பிசிறு உண்டு என்கிறது, விரல் இல்லை என்கிறது. இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. விரலை அவருக்கு நெடுநாளாகத் தெரியும், ரத்தம் யாருடையது என்றே தெரியாது. அப்படியானால் கிழித்தது இந்தக் கண்ணியாக இருக்காது. வேறெங்கோ கிழித்துக்கொண்டு வந்து, அந்தக் கையோடு இதை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்திருக்கிறான். அது இன்னும் மோசம். கையில் ரத்தம் வழிகிறபோதுகூடப் பொறுக்க முடியாத அளவு அவசரம். விரலைப் பனியன் வேஸ்ட்டில் துடைத்துக்கொண்டார். திருப்பூரிலிருந்து மூட்டையாக வருகிற வெட்டுத்துணி, சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக எந்தக் குழந்தையின் சட்டையிலோ மிஞ்சியது. கிரீஸில் கறுத்த கை அதில் எத்தனை துடைத்தாலும் கறுப்பாகவே இருந்தது.

அடுத்த கண்ணியை வைத்தார், இறுக்கினார், இறக்கினார். டிரில் இரும்பைத் தொடும்போது ஒரு சத்தம், உள்ளே போகும்போது ஒரு சத்தம், வெளியே எட்டிப்பார்க்கும்போது வேறொரு சத்தம். கடைசிச் சத்தம் வரும்போது கையைத் தளர்த்த வேண்டும், இல்லாவிட்டால் பிட் பிடித்துக்கொள்ளும். இதெல்லாம் காதுக்குத் தெரிகிறது, காது நன்றாகத்தான் இருக்கிறது. லேத்துச் சத்தம் நின்றுபோனதும் தெரிந்தது. எதற்கு நின்றது. கம்பியை அளக்கிறானா, இங்கே பார்க்கிறானா. திரும்பினால் தெரிந்துவிடும் என்று திரும்பாமல் அரத்தை எடுத்தார். மறுபடி லேத்து ஓடியது. பார்த்துவிட்டான். பார்த்துவிட்டுத்தான் ஓட்டுகிறான். அவர் மெஷினை அணைக்காமலே அந்தப் பக்கம் நடந்தார்.

"மாப்ள, வெர்னியரக் குடு."

"உங்களுது என்னாச்சுங் மாமா?"

"இருக்குது. உன்றதுல ஒருக்கா பாத்துக்கறேன்."

"பொண்டாட்டி சொன்னத ஊருக்குள்ள நாலு பேர்த்துகிட்ட கேட்டுக்கறாப்பல." சிரித்துக்கொண்டே நீட்டினான். வலது கட்டைவிரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"அதென்ன கையில?"

"இதுங்களா? நேத்து ஊட்டுல தேங்கா உரிக்கையில கிழிச்சுப்போட்டுது."

"தேங்காய நீ எதுக்கு உரிக்கறே? உன்ற ஊட்டுல கடப்பாரை இல்லியா?"

"கடப்பாரையெல்லாம் இருக்குதுங். அதுலதானுங் கிழிச்சுக்கிட்டேன்." குனிந்து கம்பியைப் பார்த்தான். "சாயங்காலம் அந்தப் பெரியவரு வர்றாருங்க மாமா. போன் பண்ணுனாரு. பஞ்சு எடுத்துட்டு வர்றேன்னு சொல்லுங்கன்னாரு. நம்மள நக்கல் பண்றாராமா."

அளவு பார்க்கிற அந்த வெர்னியரை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தார். தேங்காய் உரித்தால் உள்ளங்கை கிழியும், மணிக்கட்டில் இடிக்கும். கட்டைவிரலின் நடுச்சதை எப்படிக் கிழியும். பிசிறு பார்க்கிறவனுக்குத்தான் அந்த இடம் கிழியும். அப்புறம் அந்தப் பிளாஸ்திரி. நேற்றுப் போட்ட பிளாஸ்திரி இந்தப் பட்டறையில் இவ்வளவு வெள்ளையாக இருக்காது, ஒரு மணி நேரத்தில் மேலே கிரீஸ் ஏறிவிடும். காலையில்தான் ஒட்டியிருக்கிறான். காலையில் அவர் பின்னால் போய் ஒன்றுக்கு இருந்துவிட்டு வந்தாரே, அப்போது. போகும்போது மெஷின் பக்கம் யாரும் இல்லை. வரும்போது தனபால் ஆயில் கேனோடு குறுக்கே போனான். ஆயில் கேன் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும், எப்போதும் அங்கேதான் இருக்கும், அதை அங்கே வைத்தது அவரேதான். இருந்தாலும் ஆயில் எடுக்க வருகிறவனுக்கு ஆயிலை மட்டும் எடுக்க வேண்டும் என்று கட்டாயமா.

பஞ்சு விஷயம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. மாதிரிக்கு முதலில் செய்துகொடுத்த கண்ணிகளை வரதன் சார் கையில் வாங்கவே இல்லை. மேஜையில் வைக்கச் சொல்லிவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு பிடிப் பஞ்சை எடுத்து, பூஜைக்குத் திரி திரிக்கிறவர் மாதிரி நீட்டி, ஒவ்வொரு காதின் மேலும் இழுத்தார். ஒன்றில் பஞ்சு மாட்டி ஒரு இழை நின்றது. "பாருங்க சென்னியப்பன். பஞ்சு பொய் சொல்லாது. நாப்பது வருஷம் பஞ்சோட இருந்தவன் நான்." "எங்களுக்கு விரல் இருக்குதுங்க சார்." "விரல் உங்களது. பஞ்சு யாருதும் இல்ல." அந்த மனிதருக்கு நக்கல் கிடையாது, அது அவருக்கு வராது, அதுதான் அதிகமாக உறுத்தியது. அன்றைக்கு தனபால் அந்த இழையையே பார்த்துக்கொண்டு நின்றான். அதற்குப் பிறகுதான் சேர் பேச்சு வந்தது. இல்லை, சேர் பேச்சு அதற்கு முன்னால். ஆடி எப்போது முடிந்தது. எது முன்னால் எது பின்னால் என்று சரியாகத் தெரிந்தால் எல்லாம் தெரிந்துவிடும். முன்னால் என்றால் அவனுக்கு முன்பே தெரியும். முன்பே தெரியுமென்றால் யாரோ சொல்லியிருக்க வேண்டும். வீட்டில் இருப்பது ஒரே ஆள்.

தெய்வானை கொஞ்ச நாளாக அவர் காலைப் பார்க்கிறாள். செருப்பு மாட்டும்போது பார்க்கிறாள், கழற்றும்போது பார்க்கிறாள். குளிக்கத் தண்ணீர் விளாவி வைத்தால் முதலில் தான் கை விட்டுப் பார்த்துவிட்டு, "போங், செரியா இருக்குது" என்கிறாள், அவருக்குச் சூடு தெரியாத மாதிரி. ஒருநாள் காலையில் நடந்து வரும்போது இடது கால் செருப்பு எங்கேயோ கழன்றுவிட்டது, டீக்கடைக்காரன் கையைத் தட்டிக் கூப்பிட்டு, "அண்ணா, ஒத்தக் காலுல எங்க போறீங்" என்று கேட்டபோதுதான் பார்த்தார். "புதுச் செருப்புப்பா, போட்டிருக்கறதே தெரியறதில்ல" என்று சமாளித்தார். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் பின்னால் வார் வைத்த செருப்பு ஒன்று வாங்கி வந்து வைத்திருந்தாள். டீக்கடையில் நடந்தது அவளுக்கு எப்படித் தெரிந்தது. கேட்கவில்லை. கேட்டால் நடந்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும். சர்க்கரை பார்க்கிற டாக்டரிடமும் அவள்தான் கூட்டிப்போனாள். டாக்டர் ஒரு கவைக்கம்பியைத் தட்டி, பெருவிரல் எலும்பின் மேல் வைத்து, "அதிர்றது தெரியுதா? நின்னதும் சொல்லுங்க" என்றார். கம்பி ரீங்கரித்தது. காலம் முழுக்க மெஷின் பக்கத்தில் நின்ற காதுக்கு அது எப்போது தேய்கிறது, எப்போது நிற்கிறது என்று தெரியாதா. தெரியுது என்றார், நின்றதும் நின்னுருச்சு என்றார். டாக்டர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். தெய்வானை காலைப் பார்க்கவில்லை, கம்பியையும் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய்யும் சொல்லவில்லையே. தெரிந்தது, அதனால் தெரியுது என்றார். எதனால் தெரியுது என்று டாக்டர் கேட்கவில்லை. அதுவும் போக, அது கால். கால் எத்தனையோ பேருக்கு மரத்துப்போகிறது, காலை வைத்து யாரும் பிசிறு பார்ப்பதில்லை. கை வேறு. கையில் ஒன்றுமில்லை. காலையில் சட்டைப் பித்தான் போட நேரமாகிறதென்றால் பித்தான் துளை சின்னதாக இருக்கிறது.

அவர் தட்டிலிருந்த கண்ணிகளையெல்லாம் வேஸ்ட்டால் துடைத்து வரிசையாக அடுக்கினார். எல்லாக் காதுகளும் தெற்குப் பார்த்து. ஒன்றை மட்டும் வடக்குப் பார்த்து வைத்தார். தொட்டுப் பார்க்கிறவன் திரும்ப வைக்கும்போது கட்டாயம் எல்லாவற்றையும் ஒரே பக்கமாக வைத்துவிடுவான், தனபால் அப்படிப்பட்டவன், ஒழுங்கு தப்பினால் பொறுக்கமாட்டான். கண்ணிக்குக் கண்ணிதான் என்று நினைத்துக்கொண்டதும் அவருக்கே லேசாகச் சிரிப்பு வந்தது. எலி பிடிக்க வைப்பதும் கண்ணி, பட்டையில் கோக்கிறதும் கண்ணி, தமிழில் இரண்டுக்கும் வேறு வேறு வார்த்தை வைத்திருக்கலாம். பின்பக்கம் போய் இரும்புப் பட்டைக் கட்டைக் கிளறுகிற மாதிரி கொஞ்ச நேரம் நின்றார். பக்கத்து ஷெட்டில் சம்மட்டி விழுந்துகொண்டிருந்தது. தகரக் கூரையின் ஓட்டை வழியே விழுந்த வெயில் தரையில் ஒரு ரூபாய் அகலத்துக்கு அசையாமல் கிடந்தது. திரும்பி வந்து பார்த்தார். வடக்குப் பார்த்தது வடக்குப் பார்த்தே இருந்தது. தொடவில்லை. தொடவில்லை என்றால் அவனுக்கு இது கண்ணி என்று தெரிந்துவிட்டது. அவ்வளவு தூரம் யோசிக்கிறவன்.

வைத்தார், இறுக்கினார், இறக்கினார். எடுத்து அரத்தைப் போட்டார், தடவினார், தட்டில் வைத்தார், விரலைத் துடைத்தார். மறுபடி வைத்தார், இறுக்கினார். கை தானாகவே போய் வந்துகொண்டிருந்ததில் மனசு கொஞ்சம் இறங்கி உட்கார்ந்தது. வேலையில் இருக்கும்போது அவருக்கு யார் மேலும் கோபம் வருவதில்லை. தனபாலுக்குப் பெண் பார்க்கப் போனபோது மணப்பெண் வீட்டில் பலகாரத் தட்டை அவன் இவர் பக்கம் தள்ளித் தள்ளி வைத்தது ஞாபகம் வந்தது. அப்போது இவருக்குச் சர்க்கரை இல்லை. நல்ல பையன்தான். அரம் போட்டு முடித்து, தடவி, அடுத்ததைத் தட்டில் வைக்கக் குனிந்தபோது, கடைசியாக வைத்த கண்ணியின் காதில் சிவப்பு இருந்தது. அதற்கு முந்தியதிலும். அதற்கு முந்தியதில் கொஞ்சம், காயத் தொடங்கி. எல்லாவற்றையும் இப்போதுதான் துடைத்து வைத்தார். இவை துடைத்த பிறகு செய்தவை. இந்த இடத்தை விட்டு அவர் நகரவே இல்லை. தனபால் லேத்தைவிட்டு வரவில்லை, வந்தால் நிழல் விழும், நிழல் விழவில்லை. அவர் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். மேலிருந்து சொட்டுகிறதா. பல்லி கில்லி. கூரையில் ஒன்றுமில்லை. ஒருவேளை அவர் விரல் துடைக்கிற வேஸ்ட்டிலேயே ரத்தம் இருந்திருக்கும், அவன் தன் கையைத் துடைத்த வேஸ்ட்டை இந்த மேஜையில் போட்டிருப்பான். வேஸ்ட்டை எடுத்துப் பார்த்தார். சிவப்புத் துணி. சிவப்புத் துணியில் என்ன தெரியும்.

"ஏனுங், சோறு கொண்டாந்திருக்கறேன். கை கழுவிட்டு வாங்."

தெய்வானை தூக்குப்போசியோடு வாசலில் நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. லேத்து நின்றுவிட்டது. தனபால் பேப்பரை உதறித் தரையில் விரித்து, "அக்கா, இன்னிக்கு என்ன, வாசமே தூக்குது" என்றான். "கொள்ளு ரசம்டா. உங்க மாமா நேத்துலிருந்து கேட்டுட்டே இருக்கறாரு." அவள் உட்காருவதற்கு முன் மேஜையைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாளா, மேஜையைப் பார்த்தாளா. பிறகு தம்பியைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை, அக்காவும் தம்பியும் பார்த்துக்கொள்ளாமல் வேறு யார் பார்த்துக்கொள்வார்கள். அவர் தட்டின் மேல் பழைய பேப்பர் ஒன்றைப் போட்டு மூடிவிட்டுப் பின்பக்கம் தண்ணீர் டிரம்முக்குப் போனார்.

மரத்தூளையும் சோப்புத் தூளையும் சேர்த்து உள்ளங்கையில் போட்டுத் தேய்த்தார். முதலில் கறுப்பாக வழிந்தது. தண்ணீர் ஊற்றி மறுபடி தேய்த்தார், சாம்பல் நிறம். மூன்றாம் தரம் நுரை வெள்ளையாக வர வேண்டும், எப்போதும் வரும், இன்றைக்கு வெளிர்சிவப்பாக வந்தது. கழுவினார், மறுபடி வந்தது. வலது கையை வெயிலுக்குத் திருப்பிப் பார்த்தார். ஆள்காட்டி விரலின் நுனியில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் இருந்தன, பள்ளிக்கூடத்துப் பிள்ளை பலகையில் கிறுக்கியது மாதிரி, மெல்லியவை, ஏழெட்டு இருக்கும். அவற்றின் நடுவே ஒன்று மட்டும் ஆழமாக, சின்ன வாயைப் போலத் திறந்திருந்தது. யாருடைய விரலையோ பார்ப்பது போலத்தான் இருந்தது. இடது கைக் கட்டைவிரல் நகத்தை அந்த வாயில் வைத்து அழுத்தினார். ரத்தம் திரண்டது. அழுத்துகிற விரலுக்கு அழுத்துவது மந்தமாகத் தெரிந்தது. அழுந்துகிற விரல் சும்மா இருந்தது. இன்னும் அழுத்தினார். வேறு யாரும் தட்டில் கை விடவில்லை. ஒவ்வொரு கண்ணியும் தன்னிடம் பிசிறு இருக்கிறதென்று ஒவ்வொரு தரமும் சொல்லியிருக்கிறது, கிழித்துச் சொல்லியிருக்கிறது, இந்த விரல் அதை வெண்ணெய் வெண்ணெய் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அப்படியானால் தட்டு முழுக்க. காலையிலிருந்து செய்தது முழுக்க. நேற்றுச் செய்ததும், முந்தாநாள் செய்து தனபாலிடம் கோக்கக் கொடுத்ததும். கோக்கக் கொடுத்தது. அவன் கட்டைவிரல். தேங்காய் உரிக்கையில் என்று அவன் ஏன் சொன்னான். நேரே சொல்லியிருக்கலாம், மாமா உங்க கண்ணி கிழிச்சுப்போட்டுது என்று. சொல்லாமல் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு கடப்பாரைக் கதை சொல்கிறவன் எத்தனை நாளாக எதையெல்லாம் சொல்லாமல் வைத்திருக்கிறான். பாவம் பார்க்கிறானா. சேர் போடுகிறவர்கள் பாவம் பார்த்துத்தான் போடுகிறார்கள்.

சாயங்காலத்துக்குள் ஒன்று செய்யலாம். விரல் வேண்டாம். வேஸ்ட்டில் ஒரு நூலை உருவி ஒவ்வொரு காதிலும் இழுத்துப் பார்க்கலாம், மாட்டினால் அரம், மாட்டாவிட்டால் விடலாம். வரதன் சார் பஞ்சில் செய்வதுதானே. கண்ணால் பார்த்துச் செய்யலாம், கண் இருக்கிறது, காது இருக்கிறது. அவர்கள் பார்க்காத பக்கமாகத் திரும்பி நின்று செய்ய வேண்டும். அப்படிச் செய்தால் இன்றைக்குப் போகும், நாளைக்கும் போகும்.

"ஏனுங் மாமா." தனபால் பின்னாலேயே நின்றிருந்தான். கை கழுவ வந்திருக்கலாம். அவர் விரலைப் பார்த்தான். "கிழிச்சுப்போட்டுதுங்களா?"

"ம். இப்பத்தான். டிரம்மு விளிம்புல."

"ஆழமாவாட்ட இருக்குது. எரியுதுங்களா?"

"எரியாமயா."

தனபால் சட்டைப்பையில் கைவிட்டு ஒரு பிளாஸ்திரியை எடுத்து நீட்டினான். பையிலேயே வைத்திருக்கிறான். எதற்காகப் பையிலேயே வைத்திருக்கிறான். "தின்னுட்டு ஒட்டிக்கறேன்" என்று வாங்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

"ரசம்ங்க மாமா. அந்தக் கையில எப்படிங்க பெசைவீங்க? டீக்கடையில ஒரு ஸ்பூன் வாங்கியாரட்டுங்களா?"

"ஸ்பூன்ல திங்க நான் என்ன ஆஸ்பத்திரியிலயா கெடக்கறேன்?"

"உடுடா தம்பி" என்று உள்ளேயிருந்து தெய்வானை சொன்னாள். "எரிஞ்சா அவருக்குத் தெரியாதா என்ன."

அவர் வந்து உட்கார்ந்தார். தெரியாதா என்ன என்றாள். தெரியுதா என்று டாக்டர் கேட்டதும் ஏறக்குறைய இதே சொல்தான். சாதாரணமாகவும் சொல்லியிருக்கலாம். குரலில் ஒன்றுமில்லை, சோறு போடுகிறபோது இருக்கிற குரல்தான், அவள் முகத்தைப் பார்த்தால் தெரியும், பார்த்தால் அவளும் பார்ப்பாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சோற்றில் அவர் குழி பண்ணியதும் அவள் ரசத்தை ஊற்றினாள். நல்ல சூடு போலிருக்கிறது, ஆவி எழுந்து அவர் மூக்குக்கண்ணாடியில் படிந்தது. மிளகும் பூண்டும் மிதந்தன, இடித்த மிளகாயின் தோல் சிவப்பாக ஒதுங்கியது. பிசைந்து ஒரு வாய் உண்டார். உப்பு சரியாக இருந்தது. பக்கத்து ஷெட்டுக்காரர் புது மெஷின் வாங்கி அது வாசல் வழியாக நுழையாமல் சுவரை இடித்த கதையை தனபால் சொல்லிக்கொண்டிருந்தான், "அளவு பாக்கறவனே அளவு பாக்காம வாங்கியிருக்கறான் பாருங்க்கா" என்றான், அவள் "அடக் கெரகமே" என்று சிரித்தாள். அவர் இன்னொரு வாய் உண்டார். நன்றாகக் கையை விட்டுக் கரைத்து, ரசத்தைச் சோற்றோடு அள்ளி அடுத்த வாய்க்குக் கொண்டுபோனவர், எரிகிறதென்று சொன்னது ஞாபகம் வந்து, பாதியில் நிறுத்தினார். பல்லிடுக்கில் மூச்சை உள்ளே இழுத்து, ஸ் என்று சொல்லி, கையை இரண்டு தரம் உதறினார். பிறகு மறுபடி பிசையத் தொடங்கினார். தெய்வானை மோர்ப் போசியின் மூடியைத் திறந்துகொண்டிருந்தாள்.